பத்தலப்பல்லி மலையில் ஐம்பதாயிரம் சதுர அடி

நான் வேலை பார்த்த தோல் நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவில், என் நாற்காலியில் இப்போது இர்ஃபான் உட்கார்ந்திருக்கிறார். வாணியம்பாடிக்காரர். படித்தவர், பணிவானவர், இவ்விரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது எங்கள் பிரிவுக்குப் புதிது. போன மாதம் ஆம்பூரில் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், மலை ரூட்டுக்குப் புதுசா வண்டி வாங்கறாங்க. ட்ரெய்லர் இழுக்கணும். கேஸா டீசலான்னு எங்கிட்ட கேக்கறாங்க. நீங்க ஒரு கட்டுரையா எழுதிக் குடுத்தீங்கன்னா பசங்களுக்கும் உபயோகமா இருக்கும்."

"நானா? அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். "சதுர அடி கதையா சார்? அது தெரியாதவங்க ஆம்பூர்ல யாரு?"

தெரியும்தான். எடைமேடைக்காரரிலிருந்து கேன்டீன் மாஸ்டர் வரை எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஆனால் அவர்கள் சொல்வது முன்பாதி மட்டும். பின்பாதியில் சிரிக்க எதுவும் இல்லை என்பதால் அது தானாகவே உதிர்ந்துவிட்டது. அதையும் சேர்த்து எழுதுவதானால் எழுதுகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஈரத்தோல் மாதிரிக் கனமான சரக்கை ட்ரெய்லரோடு செங்குத்தான மலையில் இழுக்க டீசல். உலர்ந்த சரக்கு, அளவான பாரம் என்றால் கேஸ் போதும். செலவும் கம்மி, புகையும் கம்மி. டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முழு பலத்தோடு இழுக்கும். கேஸ் எஞ்சினுக்கு அந்த பலம் வர வேகமாகச் சுற்ற வேண்டும். ஆகவே ஒரு கியர் கீழே வைத்தே ஏற்ற வேண்டும், எஞ்சின் சூட்டின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர்களின் கனத்தைச் சரக்கின் கனத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். எந்த வண்டியானாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதைச் சொல்ல ஓய்வு பெற்றவன் தேவையில்லை. வண்டி விற்க வருகிறவரே சொல்லிவிடுவார், அவர் விற்பது எது என்பதைப் பொறுத்து.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலூரில் ஆட்டோமொபைல் டிப்ளமா. பிறகு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் பூசிய வருடங்கள். அதன்பின் வேலை பார்த்துக்கொண்டே மாலைகளில் படித்து எழுதிய இன்ஜினியரிங் பரீட்சைகள். சட்டைக் கை கறுப்பாக இருந்தவரை டிரைவர்கள் என்னை "பாஸ்கர் அண்ணே" என்றார்கள்; வெளுத்த பிறகு "சார்" என்றார்கள். மேனேஜர் ஆனதும் நான் செய்த முதல் வேலை, மலைக்குப் போகும் வண்டிகளுக்கு நடைமுறை வகுத்தது. புறப்படும் முன் எடைமேடை. பிரேக் டிரம், டயர், ரேடியேட்டர் தண்ணீர், ட்ரெய்லர் கொக்கி, கொக்கிக்கு மேலே காவல் சங்கிலி. புதிய வண்டி என்றால் மிகச் செங்குத்தான வளைவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால் நகராமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். எடை போடாமல் மலையேறிய டிரைவர்களைப் பல தடவை வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். நிற்க வைத்துக் கேட்பேன்: "மலைக்குத் தெரியுமா உன் லோடு எவ்ளோன்னு? உனக்குத் தெரியணுமில்ல?" இந்த வசனத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்லும் மலை, பேர்ணாம்பட்டைத் தாண்டி பத்தலப்பல்லியில் ஆரம்பித்து ஆந்திர எல்லையில் வீ.கோட்டாவுக்கு ஏறும் பாதை. எங்கள் நிறுவனத்துக்கு மலைக்கு அப்பால், கோலார் பக்கம், தோலை முடித்துச் செருப்பாக்கும் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. இங்கே பதப்படுத்திய தோல் மலையேறி அங்கே போகும். அந்த முற்றம் குறுகலானது; லாரி அங்கே காத்திருந்து சரக்கு இறக்க இடமில்லை. எனவே லாரியின் பின்னால் ட்ரெய்லர் மாட்டி அனுப்புவோம். அங்கே ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு, முந்தைய நாள் விட்ட காலி ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு லாரி இறங்கிவிடும். சமவெளியில் இது நல்ல ஏற்பாடு. கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒரு யானையைக் கட்டி இழுப்பது மாதிரி.

அந்த ரூட்டின் டிரைவர் டில்லிபாபு. நடுவயது, குறைவாகப் பேசுகிறவர். வீடு வீ.கோட்டாவில், பாதைக்கு அருகிலேயே. அவர் மனைவி பாக்கியம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இன்சுலின் ஊசியில் மருந்தின் அளவைப் பார்த்துப் போட அவரால் முடியாது. காலையில் கிளம்பும்போது டில்லி போட்டுவிட்டு வருவார். மாலையில் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் இருப்பார். மலை ரூட்டில் இருந்தால்தான் அது நடக்கும். அந்தக் காரணத்தைக் கேட்டு அவருக்கு அந்த ரூட்டைக் கொடுத்தவன் நான்தான். இதை மறக்க வேண்டாம். நான் மறந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் ரஹ்மான் சாகிப். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, தனக்கு ஒன்றுமே தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்குக் கொஞ்சம் புரியல, நீங்க விளக்குங்க" என்பார். நாம் விளக்குவோம். அவர் இன்னொரு சந்தேகம் கேட்பார். அதையும் விளக்குவோம். நாலாவது சந்தேகத்துக்குள் நம் தப்பை நம் வாயாலேயே, நல்ல கோர்வையாக, அவருக்குப் பாடம் நடத்தியிருப்போம். அவர் நன்றி சொல்லி அனுப்புவார். திட்டு வாங்கினவர்கள் மறுநாள் மறந்துவிடுவார்கள். அந்த டீயை மறந்தவர் இல்லை.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று: ஒரு புதிய வண்டி மலைக்கு லாயக்கு என்று கையெழுத்துப் போடுகிறவர், முதல் லோடின்போது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். "கையெழுத்துப் போட்டவர் ஏறணும் பாஸ்கர். பேனா மட்டும் ஏறக் கூடாது" என்பார்.

நான் ஓய்வு பெறச் சில வருடங்கள் இருந்தபோது கேஸ் வண்டிப் பேச்சு வந்தது. எங்களிடம் செருப்பு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், சரக்கு எந்த வண்டியில் வருகிறது, எவ்வளவு புகை விடுகிறது என்றெல்லாம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கேஸ் லாரியும் அதற்குச் சமமான டீசல் லாரியும் சோதனைக்கு வந்தன. ஒரே மலை, ஒரே பாரம், ஒரே நாள். எது நன்றாக ஏறுகிறதோ அதை வாங்குவது. சோதனையை நடத்த வேண்டியவன் நான். எனக்குக் கேஸ் வண்டியின் மேல் மரியாதை இல்லை. ஊருக்குள் ஆட்டோவுக்கு ஆகும், மலைக்கு ஆகாது என்பது என் கருத்து. கருத்து இருப்பது குற்றமில்லை. சோதனைக்கு முன்பே இருந்ததுதான் குற்றம்.

முந்தைய நாள் யார்டு சூப்பர்வைசர் தேவசகாயம் போனில் கேட்டார். "சார், நாளைக்கு ரெண்டு வண்டிலயும் எவ்ளோ லோடு போடட்டும்?"

"சமமா போடுங்க. அம்பதாயிரம், அம்பதாயிரம்."

"சரி சார்."

வெளியூர்க்காரர் என்றால் ஐம்பதாயிரம் என்ன என்று கேட்டிருப்பார். ஆம்பூரில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே தோலைச் சதுர அடியில்தான் வாங்குகிறோம், விற்கிறோம், கூலி கொடுக்கிறோம், கனவு காண்கிறோம். ஒரு குடோன் நிறைந்திருக்கிறதா என்று கேட்டால் சதுர அடியில்தான் பதில் வரும். ஐம்பதாயிரம் என்றால் ஐம்பதாயிரம் சதுர அடி. சொன்ன எனக்கும் தெரியும், கேட்ட அவருக்கும் தெரியும். தேவசகாயம் சொன்ன சொல் தவறாமல் ஏற்றினார். டீசல் வண்டிக்கும் அதன் ட்ரெய்லருக்கும் ஆட்டுத்தோல் கிரஸ்ட்: காய்ந்து மெலிந்த, துணி மாதிரித் தோல். கேஸ் வண்டிக்கும் அதன் ட்ரெய்லருக்கும் மாட்டுத்தோல் வெட் ப்ளூ: குரோம் ஏறி, நீலம் பாரித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கிய கனத்த தோல். பரப்பு இரண்டிலும் ஒன்றே. எடை நாலைந்து மடங்கு வித்தியாசம். இரண்டையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியாயிற்று.

காலையில் பேர்ணாம்பட்டு தாண்டி ஒரு டீக்கடையில் இரண்டு வண்டிகளும் நின்றன. பக்கத்திலேயே எடைமேடை. அங்கே வேறு லாரிகள் வரிசையில் நின்றன. ரஹ்மான் சாகிபும், வெளிநாட்டு வாடிக்கையாளரின் சென்னைப் பிரதிநிதியும் காரில் முன்னாலேயே போய் மலையுச்சியில் காத்திருந்தார்கள். வரிசையைப் பார்த்தேன். லோடு சமம் என்று நானே சொல்லி ஏற்றியது, எதற்கு எடை? "போலாம்" என்றேன்.

கேஸ் வண்டியை டில்லிபாபு ஓட்டினார். டீசலை வேலு. டில்லி என்னிடம் வந்து நின்றார்.

"சார், வண்டி கனமா இருக்குது சார்."

"கேஸ் வண்டி அப்டித்தான் தெரியும். இழுவை கம்மி."

"இழுவை இல்ல சார். கனம்."

"ஏறிப் பாரு டில்லி. ஏறலன்னா அதுவும் ஒரு ரிசல்ட்தான்."

வேலு சிரித்தார். நான் டீசல் வண்டியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கையெழுத்துப் போடப் போவது எதற்கு என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே.

டீசல் வண்டி பாடிக்கொண்டே ஏறியது. செங்குத்தான வளைவில் நிறுத்தினோம், எடுத்தோம். ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகவில்லை. எஞ்சின் சூடு ஏறவில்லை. இவ்வளவு சுலபமாக எந்த டீசல் வண்டியும் அந்த மலையில் ட்ரெய்லர் இழுத்ததில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம்.

மேலே போய் நின்றோம். கேஸ் வண்டி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எப்படியோ ஓரமாக நுழைந்து கீழிருந்து வந்த ஒரு பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, "உங்க வண்டி வளைவுல படுத்துக்கினு இருக்குது, ட்ராஃபிக் பேஜாராயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலுவை அங்கிருந்தே கோலார் பக்கம் அனுப்பிவிட்டு, ரஹ்மான் சாகிபின் காரில் நாங்கள் கீழே இறங்கினோம்.

வளைவில் வண்டி குறுக்காக நின்றது. ஏற்றத்தில் எஞ்சின் அணைந்து, ட்ரெய்லர் பின்னால் இழுக்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம். டில்லி ஸ்டியரிங்கை ஒடித்து ட்ரெய்லரின் பின்புறத்தை மலைப்பாறையில் சாய்த்து நிறுத்தியிருந்தார். சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தார். யாருக்கும் அடியில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று, டிரைவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கிளட்ச் கருகிய நாற்றம். டில்லியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"இன்னா டில்லி, கேஸ் அடுப்பு அணைஞ்சுபோச்சா?" என்றேன். கூட்டம் சிரித்தது.

"வண்டி கனமா இருக்குது சார். நான் கீழயே சொன்னேன்."

நான் வண்டியைச் சுற்றி வந்தேன், படித்தவன் சுற்றி வருகிற மாதிரி. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குகள் வளைவு போய்த் தட்டையாகப் படிந்திருந்தன. அதிக பாரத்துக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அதைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே காட்டுவேன். அன்று பார்த்தேன், பார்த்துவிட்டுச் சொன்னேன்: "கனமா இல்லாம? சிலிண்டரே பாதி லோடு." மறுபடி சிரிப்பு. வண்டிக்கு அடியில் சாலையில் நீலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டும் அந்த நிறம்தான். "பாருங்க சார், எஞ்சின் கொதிச்சு கூலன்ட் வெளிய வந்துடுச்சு" என்று ரஹ்மான் சாகிபுக்குக் காட்டினேன். ஆம்பூரில் பிறந்த குழந்தைக்கும் அந்த நீலம் என்ன என்று தெரியும். நான் ஆம்பூரில்தான் பிறந்தேன்.

பிறகு கிளட்ச் நாற்றத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதையும் கண்டுபிடித்தேன். எல்லோர் முன்னாலும், டில்லியைப் பார்க்காமல் ரஹ்மான் சாகிபிடம் சொன்னேன்: "பெடல் மேல கால வச்சுக்கினே ஓட்டியிருக்கான் சார். வண்டியும் லாயக்கில்ல, இவனும் மலைக்கு லாயக்கில்ல."

வேடிக்கை பார்த்த டிரைவர்களில் பலர் டில்லிக்குத் தெரிந்தவர்கள், அதே மலையில் தினம் எதிரே வருகிறவர்கள். அவர்களில் ஒருவர், "விடுப்பா டில்லி" என்றார். அது எனக்குக் கேட்டது. மறுநாள் முதல் டில்லிபாபுவைச் சென்னைத் துறைமுக ரூட்டில் போட்டேன். வாரத்துக்கு ஒரு தடவைதான் வீடு.

அன்று மாலையே கோலார் பக்கத்திலிருந்து ஸ்டோர்ஸ்காரர் போன் செய்தார். "சார், டீசல் வண்டில ஆட்டுத்தோல் கிரஸ்ட்டு மட்டும்தான் வந்திருக்கு. வெட் ப்ளூ மொத்தமும் கேஸ் வண்டிலயா?" போனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். நீலம் எதன் நீலம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை டீ வந்தது.

"வாங்க பாஸ்கர். எனக்குக் கொஞ்சம் புரியல. ரெண்டு வண்டிலயும் எவ்ளோ பாரம்?"

"சமமா சார். அம்பதாயிரம், அம்பதாயிரம்."

"அம்பதாயிரம் இன்னா?"

"சதுர அடி சார்."

"நல்லது. லாரி பாடில எழுதியிருக்குமே, எவ்ளோ ஏத்தலாம்னு. அது எத்தன சதுர அடி?"

"அது கிலோ சார்."

"அப்டியா." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மலை ஏறும்போது எது ஏறுது பாஸ்கர், அடியா, கிலோவா?"

"கிலோ சார்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெட் ப்ளூ எந்தக் கலரு?"

"நீலம் சார்."

"கூலன்ட் மாதிரியா?"

"ஆமாங்க சார்."

"டீ ஆறுது, சாப்பிடுங்க" என்றார். குடித்தேன். அதற்குச் சர்க்கரை போட்டிருந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரத்துக்குள் மறு சோதனை. இரண்டு வண்டிகளையும் எடைமேடையில் ஏற்றி, கிலோவில் சமமாக்கி, இரண்டையும் வேலுவையே ஓட்டச் சொல்லி, இரண்டிலும் நான் ஏறினேன். கேஸ் வண்டி மெதுவாக, ஒரு கியர் கீழே, சூடாகி, ஆனால் நிற்காமல் ஏறியது. டீசல் அதைவிட நன்றாக ஏறியது. ஈரத்தோலுக்கு டீசல், உலர்ந்த சரக்குக்குக் கேஸ் என்று முடிவானது. அதாவது முதலில் நான் மனதில் வைத்திருந்த முடிவு ஏறக்குறைய சரி. இதைவிட மோசமான தண்டனை எனக்குத் தோன்றவில்லை. முழுக்கத் தப்பாகியிருந்தால் ஒரு முறையாவது எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்திருப்பேன்.

இதற்குப் பிறகு வந்ததுதான் ஊருக்குத் தெரிந்த வேடிக்கை. என் பெயர் "சதுர அடி சார்" ஆனது. கேன்டீனில் இட்லி கேட்டால், "எத்தன சதுர அடி சார்?" என்றார்கள். ஒரு கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டைத் தூக்க முடியாமல் நின்ற என்னிடம், "சமமா பிரிச்சுக்கலாமா சார்?" என்றார் தேவசகாயம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சில சமயம் நானே கதையைச் சொன்னேன், கூலன்ட் இடத்தில் நிறுத்தி, சிரிப்பு வர விட்டு. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த பெரிய மனுஷன் என்று எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை நான் மகிழ்ச்சியாகவே வைத்துக்கொண்டேன்.

கேஸ் வண்டியை மறு சோதனை செய்து லாயக்கு என்று எழுதினோம். டில்லிபாபுவை யாரும் மறு சோதனை செய்யவில்லை. வண்டி மேல் வைத்த குற்றத்தை நீக்க என் நடைமுறையில் வழி இருந்தது. ஒரு மனிதனை நாலு பேர் முன்னால் வாயால் சொன்ன வார்த்தையை நீக்க வழி இல்லை. துறைமுக ரூட்டுக்கு ஆள் கிடைக்காத நேரம் வேறு. அவரைத் திரும்பக் கூப்பிட்டால் பேச்சு மறுபடி அந்த வளைவுக்குப் போகும், இந்த முறை சிரிப்பு இல்லாமல். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டேன். ரஹ்மான் சாகிப் என்னைக் கேட்கவில்லை. நான் செய்திருப்பேன் என்று அவர் நினைத்திருந்தார்.

மழைக்காலம் வந்து போன பிறகு, ஒரு நாள் வேலு வாசலில் நின்று கேட்டார். "சார், டில்லி அண்ணன் சம்சாரத்த வேலூர் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. எங்கள்ல யார்னா போய்ப் பாக்கலாமா? வண்டி வேணும்."

"இன்னாச்சு?"

"கால்ல புண்ணு சார். விரல எடுத்துட்டாங்க. ஊசி போட ஊட்ல ஆள் இல்ல. பக்கத்து ஊட்டம்மா போட்டுக்கினு இருந்தாங்க. அவங்க ஊருக்குப் போய்ட்டா அன்னைக்கு இல்ல."

"டில்லி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

வேலு என்னைப் பார்த்தார். அவர் என்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. "நீங்கதான சார் மலைக்கு லாயக்கில்லன்னீங்க. அத்தன பேர் முன்னாடி. அப்புறம் எந்த மூஞ்ச வச்சுக்கினு அண்ணன் வந்து மலை ரூட் குடுன்னு கேக்கும்?"

அன்றே டில்லியை மலை ரூட்டுக்கு மாற்றினேன். அதற்குப் பேனாவைத் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. சர்க்கரைக்காரர்களின் காலில் புண் வருவதற்கு எத்தனையோ காரணம் உண்டு என்று என் மருமகனான டாக்டர் சொன்னார். அவர் என்னைத் தேற்றச் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அது உதவவில்லை. அந்தக் காரணங்களின் வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்று அவரிடம் கேட்கவில்லை.

பாக்கியம்மா வீட்டுக்கு வந்த பிறகு, டில்லியின் விடுமுறை நாளில் வீ.கோட்டாவுக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தேன். அவர் மனைவி முன்னாலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானம். நாலு பேர் முன் சொன்னதை ஒருவர் முன்னாலாவது திரும்பப் பெற வேண்டுமே. இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று டில்லியிடம் போன வாரம் கேட்டேன். "எழுதுங்க சார். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. இப்போ கண்ணும் இல்ல" என்றார். அதனால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

பாக்கியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "ரண்டி சார், கூச்சோண்டி" என்று தெலுங்கில் உட்காரச் சொன்னார். டில்லி நாற்காலி போட்டுவிட்டுக் கதவருகில் நின்றார்.

நான் ஆரம்பித்தேன். "அம்மா, டில்லிய மெட்ராஸ் ரூட்டுல போட்டது..."

"நீங்களே கேளுங்க சார் இவர!" பாக்கியம்மா முந்திக்கொண்டார். "நீங்க எனக்காகப் பாத்து மலை ரூட் குடுத்தீங்க. தெய்வமா குடுத்தீங்க. இவருக்கு ஹார்பர் பாக்கணும், பெரிய ரோட்ல ஓட்டணும்னு ஆச. கேட்டு வாங்கிக்கினு போய்ட்டாரு. நான் சொன்னா கேக்கறாரா? ஒரு பொண்டாட்டி இப்டி கண்ணு தெரியாம கெடக்கறாளேன்னு... நீங்க புத்தி சொல்லுங்க சார். உங்க பேச்சுன்னா கேப்பாரு."

கதவுப் பக்கம் பார்த்தேன். டில்லி தலையை மிக லேசாக அசைத்தார். வேண்டாம் என்று. அத்தனை மாதமும் அவர் மனைவியின் திட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மலைக்கு லாயக்கில்லாத டிரைவரின் மனைவியாகப் பாக்கியம்மா இருப்பதைவிட, ஊர் சுற்றும் ஆசைக்காரனின் மனைவியாக இருப்பது மேல் என்று நினைத்திருக்கிறார். நான் உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் உடைவது என் மானம் இல்லை.

"விடு பாக்கியம்" என்றார் டில்லி. "அதான் சாரே திருப்பிக் கூப்ட்டுக்கினாரே."

"இனிமே அனுப்பமாட்டோம்மா" என்றேன். நான் தயார் செய்து கொண்டுபோனதில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்." கையெடுத்துக் கும்பிட்டார், நான் இருந்த இடத்துக்குச் சற்று விலகி.

சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். டில்லி பரிமாறினார். பாக்கியம்மா கட்டிலிலிருந்தபடியே, "குழம்பு ஊத்தினீங்களா? சார் தட்டு காலியாயிருக்கான்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். கண் தெரியாதவர் எதிரில்தான் அப்படிச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

டில்லி ஜீப் வரை கூட வந்தார். மலையிறங்கும் சாலை அங்கிருந்தே தெரிந்தது. ஒரு லாரி ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"டில்லி, அன்னைக்கு வண்டி கனமாத்தான் இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. சிரிப்பும் இல்லை.

"கனமா இல்லாம சார்?" என்றார். "சிலிண்டரே பாதி லோடு."

உள்ளேயிருந்து பாக்கியம்மா கூப்பிட்டார். ஊசி போடுகிற நேரம். டில்லி திரும்பி வீட்டுக்குள் போனார்.